தெற்கு ஜன்னலில் பொங்கல்

1

ஒம்பது வருஷமா நான் பொத்திப் பொத்தி வச்சிருந்த ஒரு பொய்யை, இந்தப் பொங்கலன்னைக்கு என் மகள் கயல் ஒரே வரியில உடைச்சுட்டா. அவளுக்குப் பதினஞ்சு வயசு. சளி பிடிச்சிருந்ததால பள்ளிக்கூடம் போகாம வீட்டுல இருந்தா. போயிருந்தா இந்தக் குறிப்பை எழுத வேண்டிய வேலையே வந்திருக்காது.

நான் இருக்கிறது நார்வேயோட வடக்குக் கோடியில ஒரு கடலோர ஊர். முதியோர் இல்லத்துல நர்ஸ் வேலை. சொந்த ஊர் இடுக்கியில வண்டிப்பெரியார் பக்கம் ஒரு டீ எஸ்டேட். அங்க அப்பா, என் தம்பி குமாரோட இருக்காரு. இங்க கார்த்திகை நடுவுல போற சூரியன், தை பிறந்து ஒரு வாரம் ஆனாத்தான் திரும்ப வரும். நடுவுல உள்ள நாள்ல பகல்ல நாலஞ்சு மணி நேரம் வானம் நீலமா வெளுக்கும், கொஞ்சம் சிவக்கும், மறுபடி இருட்டிரும். அவ்வளவுதான். ஆக, பொங்கலன்னைக்கு இந்த ஊர்ல சூரியன் கிடையாது.

இதை நான் அப்பாகிட்ட சொன்னதே இல்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் இங்க ஒன்பதரை மணிக்கு வானம் வெளுத்ததும் போன் போடுவேன். அங்க மத்தியானம் ரெண்டு மணி. "சூரியன் வந்துட்டாருப்பா, பானை பொங்கிருச்சு" அப்படிம்பேன். "பொங்கலோ பொங்கல் தாயி" அப்படின்னுட்டு அப்பா சாப்பிட உக்காருவாரு.

முந்தி எஸ்டேட்டுல டவர் சரியாக் கிடைக்காது, குரல் கேட்டாலே பெரிய விஷயம். இந்த வருஷம் குமார் அவருக்கு முகம் தெரியிற போன் வாங்கிக் கொடுத்துட்டான். நான் வழக்கம்போல "வந்துட்டாருப்பா"ன்னேன். அப்பா முகமெல்லாம் சிரிப்பா, "காட்டு, பாப்போம்" அப்படின்னாரு.

என் பக்கத்துல போர்வையைச் சுத்திக்கிட்டு உக்காந்திருந்த கயல் போன்ல முகத்தை நீட்டி, "தாத்தா, இங்க சூரியன் இல்ல. அடுத்த வாரம்தான் வரும். எல்லா வருஷமும் அப்படித்தான்" அப்படின்னா. தமிழ் அவளுக்குத் தட்டுத் தடுமாறித்தான் வரும். அன்னைக்குன்னு பார்த்து ஒரு எழுத்து பிசகல.

அப்பா, "சரி. வரட்டும்" அப்படின்னு வச்சுட்டாரு.

2

அந்த "சரி, வரட்டும்" உங்களுக்குப் புரியணும்னா எங்க லயத்தைப் பத்திச் சொல்லணும். லயம்னா எஸ்டேட்டுல தொழிலாளிகளுக்குக் கட்டிக் கொடுத்த வரிசை வீடு. எங்க லயத்துக்குக் கிழக்கே மலை. ஊரெல்லாம் விடிஞ்சு, பால் வண்டி வந்து போயி, மலை மேல உள்ள வீடுகள்ல துணி காயப் போட்ட பிறகும் எங்க முற்றத்துல நிழல்தான் கிடக்கும். தை மாசம் வெயில் அந்த மலையைத் தாண்டி இறங்க எட்டேகால் ஆகும்.

மத்த ஊர்ல பஞ்சாங்கத்துல நேரம் பார்த்துப் பொங்கல் வைப்பாங்க. எங்க லயத்துல மலையைப் பார்த்துத்தான் வைப்போம். பானையில வெயில் விழும்போது பால் பொங்கணும், அதுதான் கணக்கு. வெயில் மொதல்ல கடைசி வீட்டுப் பூவரச மரத்துல விழும், அப்புறம் குழாயடி, அப்புறம் எங்க வாசல். அம்மா அதைப் பார்த்துக்கிட்டே விறகைத் தள்ளுவாங்க, இழுப்பாங்க. குழாயடிக்கு வெயில் வந்ததும் ரெண்டு கட்டையை உள்ள தள்ளுவாங்க பாருங்க, நாம மூச்சு விட்டு முடிக்கிறதுக்குள்ள வெயிலும் பானையைத் தொடும், பாலும் பொங்கி வழியும். ஒரு வருஷம் கூடத் தப்பினதில்லை. என்கிட்ட நர்ஸ் படிப்பு சர்டிபிக்கட் இருக்கு, அந்தக் கைப்பாகம் மட்டும் வரல.

அம்மா போட்ட சட்டம் இன்னொண்ணு இருக்கு. குமார் கொஞ்ச வருஷம் உடும்பஞ்சோலையில ஏலத்தோட்டத்துல வேலை பார்த்தான். பொங்கலுக்கு ஊருக்கு வர முடியல, அங்கயே கூட்டாளிகளோட பானை வச்சான். அன்னைக்கு அம்மா எங்க யாரையும் வாயில வைக்க விடல. "எம்புள்ளை பானை பொங்கிருச்சான்னு தெரியாம நமக்கு எப்படி எறங்கும்?" அப்படின்னாங்க. கடைக்கு அவன் போன் வந்து, கடைக்காரர் ஆள் அனுப்பிச் சொன்ன பிறகுதான் சாப்பிட்டோம். அதுல இருந்து அது சட்டமாப் போச்சு. நம்ம வீட்டு ஆள் எங்க பானை வச்சாலும், அது பொங்கினாத்தான் மத்தவங்க சாப்பிடணும்.

அம்மா போயி ஆறு வருஷமாச்சு. சட்டத்தை அப்பா விடல. அவருக்குச் சர்க்கரை வேற. சர்க்கரைப் பொங்கல்ல ஒரு விரல் நக்கிட்டு வெண்பொங்கல் சாப்பிடுற மனுஷன். நான் சொல்ற அந்த ஒரு வார்த்தைக்காக ரெண்டு மணி வரைக்கும் கஞ்சித் தண்ணியோட உக்காந்திருப்பாரு. முதல் வருஷம் அம்மாவும் இருந்தாங்க, அவங்க ரெண்டு பேர் வயித்தையும் நினைச்சுத்தான் பொய் சொன்னேன். ஒரு தடவை சொல்லிட்டா அப்புறம் மாத்த முடியலீங்க.

3

முதல் வருஷம் நான் பண்ணின கூத்தையும் சொல்லிடறேன். பொங்கல் கழிஞ்சு ஒரு வாரத்துல சூரியன் வருவாருன்னு வேலை இடத்துல சொன்னாங்க. சரி, அன்னைக்கு இன்னொரு பானை வச்சு மனசைத் தேத்திக்குவோம்னு, அப்போ இருந்த வீட்டுல கிழக்கு ஜன்னல்கிட்ட கோலம் போட்டு, பானையை வச்சு, கும்பிட்ட கையோட நிக்கிறேன். மணி பதினொன்னாச்சு, பன்னெண்டாச்சு. கிழக்கே ஒண்ணையும் காணோம். திடீர்னு என் இடது பக்கச் சுவர் சிவந்துச்சு. திரும்பிப் பார்க்குறதுக்குள்ள போயிருச்சு. இங்க தை மாசச் சூரியன் மத்தியானம் தெற்கேதான் எட்டிப் பார்ப்பாராம், நாலஞ்சு நிமிஷம். நான் அவரு இருந்த பக்கமே திரும்பாம நின்னிருக்கேன். கிழக்கைத் தவிர வேற திசையில அவர் வருவாருன்னு எங்க ஆளுங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தா?

லீவுக் கதை அதைவிட. எங்க பக்கம் லீவை மலையாளத்துல அவதின்னுதான் சொல்லுவோம், பொங்கலுக்கு இடுக்கிக்கு அவதி உண்டு. இங்க வேற மதத்துக்காரங்க விழாவுக்கு லீவு கேட்கலாம், ஆனா முன்கூட்டியே படிவம் போடணும். விழாவின் பெயர், எதற்கான விழா, எந்தத் தேதி. நான் "சூரியனுக்கு நன்றி சொல்லும் நாள்"னு எழுதினேன். எங்க மேலாளர் அம்மா கூப்பிட்டாங்க. "தேதி தப்பா போட்டிருக்கீங்களே, அன்னைக்குச் சூரியன் வராதே" அப்படிங்கிறாங்க. நல்ல மனுஷிதான், கிண்டல் இல்லை, நிஜமாவே திருத்தப் பார்த்தாங்க. "சூரியன் வர்ற நாளுக்கு நீங்க லீவே போட வேண்டாம். அன்னைக்கு இங்க எல்லாருக்கும் ஜாம் வச்ச பன் கொடுப்போம், பிள்ளைங்களைப் பள்ளிக்கூடத்துல இருந்து வெளிய கூட்டிட்டுப் போயி காட்டுவோம்" அப்படின்னாங்க. கேட்டுட்டு எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. சூரியனைக் கும்பிடத் தெரியாத ஊர்னு நினைச்சிருந்தேன், இவங்க என்னைவிட ஏங்கிப் போயி உக்காந்திருக்காங்க.

வருஷம் பூரா இங்க தலைகீழ்தான். நம்ம பக்கம் சித்திரை ஒண்ணுக்கு அப்பா ஆத்துல முங்கி எழுந்து சூரியனுக்கு மூணு கை தண்ணி ஏந்தி விடுவாரு. பக்கத்து லயத்து மலையாளிகள் அன்னைக்கோ மறுநாளோ விஷுக்கணி பார்ப்பாங்க. ஆவணி ஞாயித்துக்கிழமைன்னா அம்மா சூரியனுக்குப் பச்சரிசி பொங்கி வச்சுட்டுத்தான் கொழுந்து கிள்ளப் போவாங்க. தையில ரதசப்தமிக்குக் கோயில் பூசாரி ஏழு எருக்க இலை கொடுப்பாரு, தலையில வச்சுக் குளிக்கணும்.

ஆடியில மட்டும் எங்க மலையில சூரியனே தெரியாது. மழையும் கோடையுமா, கோடைன்னா எங்க ஊர்ல மூடுபனி, பத்து நாள் பதினஞ்சு நாள் வானமே திறக்காது. அப்பாவுக்கு டீ ஃபாக்டரியில, தேயிலை காய வைக்கிற டிரையருக்குத் தீ போடுற வேலை. அந்த நாள்ல அவரு அடுப்பு வாய்க்கதவைத் திறந்து, உள்ள செவசெவன்னு எரியிற தீயைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் முதல் விறகை எறிவாரு. "அவரு வரலைன்னா என்ன, அவரு ஆள் இங்க இருக்காருல்ல" அப்படிம்பாரு.

அதே ஆடியில இங்க சூரியன் மறையவே மாட்டாரு. முதல் வருஷம், விளக்கு எப்ப வைக்கிறதுன்னு தெரியாம அப்பாவுக்கே போன் போட்டேன். "உனக்கு எப்ப வேலை முடியுதோ அப்ப வையி தாயி" அப்படின்னாரு. அம்புட்டு இளகின மனுஷன்கிட்ட தையில மட்டும் ஏன் உண்மையைச் சொல்லலைன்னு நீங்க கேக்கலாம். சொன்னா, அவரு அந்த ஒரு வாரமும் பொங்கலைத் தொட மாட்டாரு. அது எனக்கு நல்லாத் தெரியும்.

4

அதேதான் நடந்துச்சு. அன்னைக்குச் சாயங்காலம் குமார் கூப்பிட்டான். அவன் ஜீப் ஓட்டுறவன், மகரவிளக்குப் பார்க்க வந்த சாமிமாரை இறக்கிட்டு அப்பத்தான் வீட்டுக்கு வந்திருக்கான்.

"அக்கா, அப்பா பொங்கலைத் தொடல. எம்மவ பானை இன்னும் பொங்கலைங்கிறாரு."

"கஞ்சி குடிச்சாரா?"

"அதெல்லாம் குடிக்கிறாரு. அக்கா, அது இல்ல விஷயம். உங்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிருக்காரு. வலது கால் விரல் கறுத்துப் போயிருக்கு. வண்டிப்பெரியார்ல டாக்டர் பார்த்துட்டு, இப்பவே தேனிக்குக் கூட்டிட்டுப் போன்னுட்டாரு. அப்பாதான் பொங்கல் முடியட்டும்னாரு. இப்ப, அவ ஊர்ல சூரியன் வரட்டும், பொங்கலைச் சாப்பிட்டுட்டு ஜீப்புல ஏறுறேங்கிறாரு."

சர்க்கரைக்காரங்க கால்ல விரல் கறுத்தா என்ன அர்த்தம்னு எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். தினம் நான் கட்டுப் போடுற கால்கள்தான் அதெல்லாம். போன பத்து நாளா அவருகிட்ட "எப்படி இருக்கீங்கப்பா"ன்னு கேட்டதுக்கு, "எனக்கென்ன, ஜம்முனு இருக்கேன்" அப்படின்னாரு. நான் அதை அப்படியே நம்பிட்டு வச்சேன்.

ரெண்டு நாள் குமாரும் நானும் மாறி மாறிக் கெஞ்சினோம். அப்பா அசையல. மூணாம் நாள் குமார், "நீ வந்துட்டார்னு சொல்லிடு அக்கா. ஒம்பது வருஷமாச் சொன்னதுதான, இன்னும் ஒரு தடவை. கால் போயிரும்க்கா" அப்படின்னான்.

அவன் சொன்னது நியாயம்தான். ஊர்ல சூரியன் வர்ற நாளைக்கு இன்னும் நாலு நாள் இருந்துச்சு. அதுவும் பேருக்குத்தான். இப்ப நாங்க இருக்கிற வீட்டுக்குத் தெற்கே, தண்ணிக்கு அந்தப் பக்கம் மலை. ஊருக்கு வந்த சூரியன் எங்க ஜன்னலுக்கு வர இன்னும் ரெண்டு நாள் பிடிக்கும். மேகம் இருந்தா அதுவும் இல்லை.

5

என் வீட்டுக்காரர் மீன் கப்பல்ல சமையல்காரர். தை மாசம்தான் இங்க மீன் சீசன், அதனால பொங்கலுக்கு அவரு எப்பவும் கடல்லதான். யாரைக் கேக்குறது? மறுநாள் ஒன்பதரைக்கு நானே போனை எடுத்தேன். எதிர்ல கயல் கஞ்சிக் கிண்ணத்தோட உக்காந்து என்னைப் பார்த்துக்கிட்டிருந்தா. "எழுந்து உள்ள போ"ன்னு சொல்ல வாயெடுத்தேன், சொல்லல.

அப்பா முகம் வந்துச்சு. வாடிப் போயிருந்துச்சு. "வந்துட்டாரா தாயி?" அப்படின்னாரு.

வந்துட்டாரு. இந்த ஒரு சொல்லுதான் வேணும். ஒம்பது வருஷமாப் பழகின சொல்லு, நாக்கு நுனியில இருந்துச்சு. அவரு கேட்ட விதத்துல தெரிஞ்சுது, நான் என்ன சொன்னாலும் நம்பத்தான் உக்காந்திருக்காரு. என்னால முடியல.

"வரலப்பா," அப்படின்னேன். "இன்னைக்கும் வரல. போன வருஷமும் வரல. ஒம்பது வருஷத்துல ஒரு பொங்கலுக்குக் கூட வரல. இங்க கரண்ட் அடுப்பு, சூடேறினா மேல உள்ள கண்ணாடிக்குக் கீழ செவப்பாத் தெரியும். அதைப் பார்த்துக் கும்பிட்டுட்டு உங்களுக்குப் போன் போட்டேன். நீங்க டிரையர்ல கும்பிடுவீங்கள்ல, அது மாதிரி."

"யாரு இருந்தா கூட?"

"யாருமில்லப்பா. அவரு கடல்ல. இவ பள்ளிக்கூடம் போயிருவா. நான்தான் நின்னு கும்பிடுவேன்."

"தனியா, இருட்டுலயா நின்ன?"

"ஆமாப்பா."

முதியோர் இல்லத்துல எத்தனையோ பேர் சாகும்போது கூட நின்னு கையைப் பிடிச்சிருக்கேன், அழுததில்லை. அன்னைக்கு மகள் முன்னாடி விக்கி விக்கி அழுதேன். தனியா இருக்கேன்னு நான் யார்கிட்டயும் வாய் விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கயல் எழுந்து வந்து என் முதுகுல கையை வச்சுக்கிட்டு நின்னா.

அப்பாவும் கண்ணைத் துடைச்சாரு. "நீ அங்க இருட்டுல நின்னிருக்க. நான் இங்க வெயில்ல உக்காந்து தின்னிருக்கேன், கூறு கெட்டவன்" அப்படின்னாரு. அப்புறம் தலையைத் திருப்பி, "குமாரு, ஜீப்ப எடுடா" அப்படின்னாரு.

"அப்போ பொங்கல்?" அப்படின்னான் குமார்.

"அவரு எங்க போயிரப் போறாரு. அங்க வரும்போது சாப்பிட்டுக்கிறேன். பானையில கொஞ்சம் அரிசி எடுத்து வையி, அன்னைக்குப் பொங்கிக்கலாம்."

6

அன்னைக்கே குமுளி வழியா மலை இறங்கித் தேனிக்குப் போயிட்டாங்க. மறுநாள் ஆபரேஷன். "எல்லாம் நல்லபடியா முடிஞ்சது அக்கா"ன்னு குமார் சொன்னான். என்ன முடிஞ்சதுன்னு கேட்டேன், டவர் இல்லைன்னான். தேனியில டவர் இல்லையாம்.

இங்க சூரியன் வர்ற நாள்ல வானம் பூரா மேகம். பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போயி மேகத்தைக் காட்டி பன் கொடுத்துக் கூட்டிட்டு வந்தாங்க. மறுநாளும் மேகம், அதுக்கு அடுத்த நாளும். நான் வேலை முடிஞ்சு வந்து தினம் தெற்கு ஜன்னலைத் துடைச்சு வச்சேன்.

நாலாம் நாள் ஞாயித்துக்கிழமை. காலையில இருந்தே வானம் தெளிஞ்சு கிடந்துச்சு. தெற்கு ஜன்னலுக்குக் கீழ கயல் கோலம் போட்டா, நான் சொல்லாமலே. கோலம் கோணல்தான். பதினொன்றரைக்குப் பால் வச்சேன். அவ ஜன்னல்ல நின்னு மலையைப் பார்த்து எனக்குச் சொல்லிக்கிட்டே இருந்தா. "மேல சிவப்பாயிருச்சு. கூட்டு அம்மா. இல்ல, குறை, குறை." நான் அடுப்புக் குமிழைத் திருகிக்கிட்டே நின்னேன்.

அவரு வந்தாரு. மலை இடுக்குல ஒரு துண்டு, ஜன்னல் வழியா நேரா அடுப்பு மேல. பால் பொங்கல, நுரை கட்டி நின்னுச்சு. நான் திருகின திருகுல அது பொங்கி வழிஞ்சப்ப வெயில் பானையை விட்டு நகர்ந்து என் கையில விழுந்திருந்துச்சு. அம்மா இருந்திருந்தா திட்டியிருப்பாங்க. கயல் மட்டும் "பொங்கலோ பொங்கல்"னு சத்தமாச் சொன்னா.

அரிசி வெந்து இறக்கினதும் போன் போட்டேன். அங்க சாயங்காலம் அஞ்சரை இருக்கும். அப்பா ஆஸ்பத்திரிக் கட்டில்ல சாஞ்சு உக்காந்திருந்தாரு.

"வந்துட்டாருப்பா," அப்படின்னேன். "பால் பொங்குறதுக்குள்ள கொஞ்சம் நகர்ந்துட்டாரு. ஆனா வந்தாரு."

"போதும் தாயி. போதும்."

"கால் எப்படிப்பா இருக்கு?"

"அதுக்கென்ன, லேசாக் கீறி விட்டாங்க. ஜம்முனு இருக்கு."

கயல் என் தோளுக்கு மேல எட்டிப் பார்த்து, "காட்டுங்க தாத்தா, பாப்போம்" அப்படின்னா.

அப்பா குமாரைப் பார்த்தாரு. அப்புறம் அவரே போர்வையை விலக்கிப் போனைக் கீழ கொண்டு போனாரு. வலது கால்ல கட்டு. நான் நர்ஸ், கட்டோட அகலத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரியும். மேற்கு ஜன்னல்ல இருந்து சாயங்கால வெயில் அந்தக் கட்டு மேல விழுந்து கிடந்துச்சு.

"ரெண்டு போச்சு தாயி," அப்படின்னாரு. "மூணு இருக்கு. நடந்துருவேன்."

கயல் என் கையில இருந்து போனை வாங்கித் தெற்கு ஜன்னல் பக்கம் திருப்பினா. மலை மேல வெறும் சிவப்பு மட்டும் மிச்சம் இருந்துச்சு. "இங்கயும் போயிருச்சு தாத்தா," அப்படின்னா. "ஆனா நாளைக்கு இன்னும் கொஞ்ச நேரம் நிக்கும்."

எடுத்து வச்ச அந்த அரிசியைப் பொங்கி ஊர்ல இருந்து கொண்டுவந்த தூக்குவாளியைக் குமார் திறந்தான். ஒரு ஸ்பூன் எடுத்து அப்பா வாயில வச்சான். ஒம்பது வருஷத்துல அவரு பொங்கல் சாப்பிடுறதை நான் பார்க்குறது அதுதான் முதல் தடவை. அவரு மென்னு முழுங்குற வரைக்கும் பார்த்துட்டு, நானும் ஒரு வாய் வச்சேன்.